பீரோவில் தூங்கும் ஹேண்டிகேம் கேசட்: கம்ப்யூட்டருக்கு மாற்ற இன்னும் வழி இருக்கா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் 1990களின் கடைசியிலோ 2000களின் தொடக்கத்திலோ கல்யாணம் நடந்த வீடா? பீரோவின் மேல்தட்டையும் பரணையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஏதாவது ஒரு பழைய ஷூ பெட்டிக்குள், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட்டுகள் கிடக்கலாம். மேலே பேனாவால் 'நிச்சயதார்த்தம்', 'வலீமா', 'காதுகுத்து' என்று எழுதியிருக்கும்.

கேசட் இருக்கு. அதை ஓட்டுற கேமரா எங்கே? கேமரா ஓடினாலும், இப்போதைய லேப்டாப்பில் அந்த ஒயரை எங்கே சொருகுவது? இந்தக் கேள்விகளுக்கு இன்றைக்குப் பதில் இருக்கு. ஆனா வருஷத்துக்கு வருஷம் அந்தப் பதில் சுருங்கிக்கிட்டே வருது.

முதலில், கையில் இருப்பது எந்த வகை?

1995-ல் அறிமுகமான சின்ன கேசட்டின் பெயர் மினி டி.வி. இங்கே டி.வி. என்பது தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். குழப்பம் வேண்டாம் என்பதால் இனி 'மினி கேசட்' என்றே சொல்லலாம். இதில் இருப்பது நாடாதான். ஆனால் அதில் பதிந்திருப்பது கம்ப்யூட்டர் ஃபைல் போன்ற டிஜிட்டல் தகவல்.

கொஞ்சம் பெரிய, ஆடியோ கேசட் அளவிலான கேசட் என்றால் அது வீடியோ8, ஹை8 அல்லது டிஜிட்டல்8. முதல் இரண்டும் அனலாக். 1999-ல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல்8 மட்டும் டிஜிட்டல். டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாடல்கள், பழைய ஹை8 கேசட்டையும் ஓட்டி டிஜிட்டலாக மாற்றிக் கொடுக்கும். அப்படி ஒன்று சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் விட்டுடாதீங்க.

கேசட்டே இல்லாமல், ஹார்டு டிஸ்கிலோ மெமரி கார்டிலோ பதியும் கேமரா என்றால் வேலை சுலபம். யு.எஸ்.பி. ஒயரில் இணைத்து காப்பி செய்தால் போதும். ஒரு எச்சரிக்கை: வீடியோ ஃபைலை மட்டும் தனியாக இழுக்காமல், கார்டில் உள்ள ஃபோல்டர்களை முழுசா காப்பி செய்யுங்கள். நீளமான காட்சிகளைப் பல ஃபைல்களாக உடைத்து வைப்பது இந்தக் கேமராக்களின் வழக்கம்.

கேசட்டுக்கு ஏன் யு.எஸ்.பி. போதாது?

பலரும் சறுக்கும் இடம் இது. மினி கேசட் கேமராவிலும் யு.எஸ்.பி. ஓட்டை இருக்கும். பெரும்பாலான மாடல்களில் அது கார்டில் உள்ள போட்டோவை எடுக்க அல்லது தரம் குறைந்த வீடியோவை அனுப்ப மட்டும்தான். கேசட்டில் உள்ளது உள்ளபடி வெளியே வரும் வழி ஃபயர்வயர். சோனி கேமராவில் அதன் பெயர் ஐ-லிங்க். கேமராவின் பக்கவாட்டில், ரப்பர் மூடிக்குள், நான்கு பின் கொண்ட சின்ன ஓட்டையாக இருக்கும்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் வழியாக எடுத்தால் என்ன? படம் வரும். ஆனால் டிஜிட்டல் தகவல் அனலாக் சிக்னலாக மாறி, மறுபடி டிஜிட்டலாகும். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போல. ஃபயர்வயரில் அந்த இழப்பு இல்லை. கேசட்டில் இருக்கும் அதே தகவல் அப்படியே ஃபைலாக வரும். ஹை8, வி.எச்.எஸ். போன்ற அனலாக் கேசட்டுகளுக்கு மஞ்சள் ஒயரும் யு.எஸ்.பி. கேப்சர் கருவியும்தான் வழக்கமான வழி. அதில் தப்பில்லை.

ஆன்லைனில் ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யு.எஸ்.பி. என்று மலிவான ஒயர் விற்பனைக்கு வரும். வாங்காதீங்க. இரண்டும் வேறு வேறு மொழி பேசும் இணைப்புகள். நடுவில் மொழிபெயர்க்கும் சிப் எதுவும் இல்லாத வெறும் ஒயரால் கேசட் வீடியோ வராது.

சரி, எந்தக் கம்ப்யூட்டரில் செய்வது?

மூன்று வழிகள் இருக்கு. முதல் வழி, பழைய டெஸ்க்டாப். மதர்போர்டில் காலி ஸ்லாட் இருந்தால் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் 10, 11-ல் கார்டு தெரிந்தும் கேமரா தெரியாவிட்டால், 1394 என்ற எண்ணோடு வரும் பழைய 'லெகசி' டிரைவரை நிறுவிப் பார்க்க வேண்டும். பதிவு செய்ய வின்டிவி என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸில் டிவிகிராப் இருக்கு.

இரண்டாவது, பழைய மேக். 2012 மாடல் 13 இஞ்ச் மேக்புக் ப்ரோவில் (ரெட்டினா திரை இல்லாதது) ஃபயர்வயர் ஓட்டை உண்டு. அதிலுள்ள ஐமூவியே கேசட்டைப் பதிவு செய்யும். தண்டர்போல்ட் அடாப்டர் வைத்துப் புது மேக்கில் செய்யலாம் என்று ஒரு வழி இருந்தது. 2025-ல் வந்த மேக் ஓ.எஸ். 26 ஃபயர்வயர் ஆதரவையே நீக்கிவிட்டது. அதனால் வீட்டில் பழைய மேக் இருந்தால் அப்டேட் கொடுக்காமல் அப்படியே வையுங்கள்.

மூன்றாவது, கடை. கல்யாண வீடியோ எடுத்த ஸ்டுடியோக்கள் சிலவற்றில் பழைய செட்டப் இன்னும் இருக்கலாம். கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஃபயர்வயரில் எடுப்பீங்களா, ஏ.வி. ஒயரிலா?" எடுத்த ஒரிஜினல் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். டி.வி.டி. மட்டும் போதாது.

கடைக்குக் கொடுக்கத் தயங்கும் வீடுகளும் உண்டு. பெண்கள் பகுதியில் எடுத்த கேசட்டை வெளி ஆளிடம் கொடுக்கப் பல குடும்பங்களுக்கு மனசு வராது. அந்தத் தயக்கத்திலேயே கேசட் பத்து வருஷம் பீரோவில் கிடக்கும். அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் வீட்டு கம்ப்யூட்டர் வழி ரொம்ப அவசியம்.

செய்யும் முறை

1. கேசட்டின் முதுகில் உள்ள சின்ன பட்டனை 'சேவ்' பக்கம் தள்ளுங்கள். இனி தெரியாமல் மேலே பதிவாகாது.

2. முக்கியமில்லாத ஒரு கேசட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். பழைய கேமரா நாடாவை இழுத்துச் சிக்கவைக்கக் கூடும். அந்த ஆபத்தைக் கல்யாண கேசட்டில் சோதிக்க வேண்டாம்.

3. படத்தில் சதுரம் சதுரமாகத் தெறித்தால், கேமராவின் ஹெட் அழுக்காக இருக்கலாம். அதற்கென்றே உள்ள கிளீனிங் கேசட்டைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டுங்கள்.

4. கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, மறுபடி ரீவைண்ட் செய்யுங்கள். வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த நாடா சீராகச் சுற்றிக்கொள்ளும்.

5. கேமராவை சார்ஜரில் போட்டு, பிளே மோடுக்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஆஃப் செய்துவிட்டு ஃபயர்வயர் ஒயரைச் சொருகுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் உள்ள ஆறு பின் ஓட்டையில் கரண்ட் உண்டு. தலைகீழாக அழுத்திச் சொருகினால் போர்ட் கருகிப்போகலாம்.

6. பதிவைத் தொடங்கிவிட்டுக் காத்திருங்கள். 1 மணி நேர கேசட்டுக்கு 1 மணி நேரம் ஆகும். இதில் குறுக்குவழி இல்லை.

1 மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் பிடிக்கும். பத்து கேசட்டுக்கு 130 ஜி.பி. அந்த ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள். குடும்ப குரூப்பில் அனுப்ப, ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் போனது வீடியோவை மேலும் நசுக்கிவிடும், அதை ஒரிஜினல் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். ஒரு காப்பி வீட்டு ஹார்டு டிஸ்கில், ஒன்று அக்கா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ, ஒன்று கிளவுடில். மூன்று இடத்தில் இருந்தால் நிம்மதி.

வெயிலூரில் கேசட்டுக்கு என்ன ஆகும்?

வேலூரை 'வெயிலூர்' என்று கிண்டல் செய்வது சும்மா இல்லை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் சூடு இன்னும் அதிகம். மினி கேசட் நாடாவின் அகலம் 6.35 மில்லிமீட்டர்தான். அதன்மேல் உள்ள மெல்லிய உலோகப் பூச்சில்தான் மொத்தக் கல்யாணமும் இருக்கு. சூடும் ஈரமும் மாறி மாறி வரும்போது அது பாதிக்கப்படும். மழைக்காலத்தில் பூஞ்சையும் சேரும்.

ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. தோலுக்கும் பூஞ்சைதான் எதிரி. ஏற்றுமதிக்குப் போகும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுவது அதற்காகத்தான். கேசட் பெட்டிக்கும் அதே வைத்தியம் செல்லும். ஆனா பழைய ஷூ பெட்டியில் கிடந்த பாக்கெட் எப்போதோ ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும், புதுசு போடணும். நாடாவில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அந்தக் கேசட்டைக் கேமராவில் போடவே கூடாது. பூஞ்சை கேமராவுக்குள் போய் அடுத்த கேசட்டையும் பிடிக்கும். அதை மட்டும் தனியாக எடுத்துவைத்து, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேசட் நல்லா இருந்தால் அவசரம் என்ன?

காப்பகங்களின் கவலை நாடாவைப் பற்றி மட்டும் இல்லை, அதை ஓட்டும் கருவிகளைப் பற்றியும்தான். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே '2025 கெடு' என்று எச்சரித்தது. 2019-ல் யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி, காட்சிக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து காந்த நாடாக்களுக்கு எச்சரிக்கை மணி அடித்தன. வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-லேயே அதை நிறுத்திவிட்டது. அதனால் பழைய ஹேண்டிகேமைப் பழைய இரும்புக்குப் போடாதீங்க. நீண்ட நேரம் பதிய எல்.பி. மோடில் எடுத்த கேசட், எடுத்த அதே கேமராவில் மட்டும் சரியாக ஓடும் நிலையும் உண்டு.

இன்னொரு விஷயம். கல்யாண வீடு என்றால் ஸ்டுடியோ கொடுத்த வி.சி.டி.யும் இருக்கும். ஸ்டுடியோக்காரர் கேசட்டின்மேல் அடுத்த கல்யாணத்தைப் பதிந்திருந்தால், உங்களுக்கு மிச்சம் அந்த சி.டி. மட்டும்தான். டி.வி.டி. டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் போட்டு, உள்ளே உள்ள பெரிய 'டேட்' ஃபைலை இன்றே காப்பி செய்யுங்கள். வி.எல்.சி. பிளேயரில் ஓடும்.

இந்தக் கேசட்டுகளில் கல்யாணம் மட்டும் இல்லை. ஹேண்டிகேம் வீடுகளுக்குள் வந்த அதே காலத்தில்தான், தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெடுவது பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மூன்றாகப் பிரியும் முன் இது ஒரே மாவட்டம். மாப்பிள்ளை ஊர்வலத்தின் பின்னால் தெரியும் தெரு, கடை போர்டு, பாலத்துக்குக் கீழே ஆறு இருந்த நிலை, பந்தியில் உட்கார்ந்து பேசும் தாத்தாவின் குரல், இதெல்லாம் கேமராக்காரர் நினைக்காமலே பதிந்தவை. வேறு எங்கேயும் இதற்குக் காப்பி கிடையாது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டியதில்லை. இப்போது உயிரோடு இல்லாதவர்களின் முகமும் குரலும் உள்ள கேசட் எது என்று அம்மாவிடமோ நன்னியிடமோ கேளுங்கள். அதிலிருந்து தொடங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு கேசட் என்றால், பத்து கேசட் ஐந்து வாரத்தில் முடிந்துவிடும்.