பொருளாதாரச் செய்தியும் ஆங்கிலச் சொற்களும்

ஆங்கில நாளிதழைக் கையில் எடுக்கும் மாணவர் பலர் முதற் பக்கத்தைப் படிப்பர். விளையாட்டுப் பக்கத்தை விரும்பிப் படிப்பர். வணிகப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போவர். அங்குள்ள ஆங்கிலம் கடினமானது என்பது அவர்கள் கூறும் காரணம். உண்மையில் அங்கே கடினமான சொற்கள் சிலவே. அகராதியைப் பார்க்க வேண்டியதில்லை என்று நாம் எண்ணும் எளிய சொற்களில்தான் பெரும்பாலும் பொருள் தவறிவிடுகிறது. அத்தகைய சொற்கள் சிலவற்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் 'இன்பிளேஷன்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். காற்றை ஊதிப் பெருக்கச் செய்தல் என்பது இதன் அடிப்பொருள். பணவீக்கம் என்று நாம் தமிழில் வழங்கும் சொல்லும் அதே கருத்தைத் தழுவியதே. விலைவாசி பொதுவாக ஏறிக்கொண்டே போகும் நிலையை இது குறிக்கும். இதுவரை இடர்ப்பாடு இல்லை. 'இன்பிளேஷன் ஈசஸ்', அதாவது பணவீக்கம் தணிகிறது, என்று ஒரு தலைப்பு வரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. இத்தகைய தலைப்பைப் படித்த மாணவர் ஒருவர், "அப்படியானால் பருப்பு விலை ஏன் இறங்கவில்லை, ஐயா? பொய் சொல்வது பத்திரிகையா, கடைக்காரரா?" என்று என்னைக் கேட்டார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒரு பண்டம் முதலாண்டில் 100 ரூபாய்க்கு விற்றது என்றும், அடுத்த ஆண்டில் 110 ரூபாய் ஆயிற்று என்றும் கொள்க. ஏற்றம் 10 விழுக்காடு. மூன்றாம் ஆண்டில் அதன் விலை 115 ரூபாய் 50 காசு. இப்போது ஏற்றம் 5 விழுக்காடே. எல்லாப் பண்டங்களும் இவ்வாறே ஏறியிருந்தால் பணவீக்கம் பாதியாகக் குறைந்தது என்று பத்திரிகை எழுதும், எழுதுவதும் சரியே. ஆனால் வாங்குபவர் முன்னைவிட ஐந்தரை ரூபாய் கூடுதலாகத்தான் கொடுக்கிறார். ஓடும் வண்டி வேகத்தைக் குறைத்தது என்றால் அது பின்னோக்கிச் சென்றது என்று எவரும் பொருள் கொள்வதில்லை அல்லவா? விலைவாசி மெய்யாகவே இறங்குமானால் அதற்கு 'டிப்ளேஷன்' என்னும் வேறு சொல் இருக்கிறது. ஏற்றத்தின் வேகம் மட்டும் குறைவதை 'டிஸ்இன்பிளேஷன்' என்பர். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்பவர், கூலி உயர்வு கேட்கும் தொழிலாளியைப் பார்த்து, "விலைதான் இறங்கிவிட்டதே!" என்று கூசாமல் கூறிவிடுவார்.

அடுத்து விழுக்காட்டுக் கணக்கு. 2025 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி 'ரெப்போ' வட்டி விகிதத்தை 6.50 விழுக்காட்டிலிருந்து 6.25 விழுக்காடாகக் குறைத்தது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குப் பெறும் கடனுக்குரிய வட்டி இது. '25 பேசிஸ் பாயின்ட்' குறைப்பு என்று பத்திரிகைகள் எழுதின. வட்டி 25 விழுக்காடு குறைந்ததோ என்று மலைக்க வேண்டா. நூறு பேசிஸ் பாயின்ட் சேர்ந்தது ஒரு 'பெர்சென்டேஜ் பாயின்ட்', அதாவது ஒரு விழுக்காட்டுப் புள்ளி. ஆகவே குறைந்தது கால் புள்ளி. அதைக் கால் விழுக்காடு என்று சொல்வதும் கண்டிப்பான கணக்கில் பொருந்தாது, 6.50-இல் 0.25 என்பது ஏறத்தாழ 4 விழுக்காடாகும். இந்த மயக்கத்தை நீக்கவே பேசிஸ் பாயின்ட் என்னும் அளவு ஏற்பட்டது. வீட்டுக்கடன் வாங்கியிருக்கும் குடும்பத்துக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

இதே கணக்கின் விந்தையை ரூபாயின் வரலாற்றிலும் காணலாம். 1966 ஜூன் 6-ஆம் நாள் இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை 4 ரூபாய் 76 காசாக இருந்த அமெரிக்க டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. ரூபாயின் மதிப்பு 36.5 விழுக்காடு குறைந்தது என்பது ஒரு செய்தி. டாலரின் விலை 57.5 விழுக்காடு ஏறியது என்பது மற்றொரு செய்தி. இரண்டும் உண்மை! எதனை அடிப்படையாக வைத்து விழுக்காடு கணக்கிடப்பட்டது என்று கேட்கும் வழக்கம் இல்லாதவர், இரண்டில் ஒன்று பொய்யென்று வாதிடுவார். அரசு தானே முடிவு செய்து குறைப்பதால் அதற்கு 'டிவாலுவேஷன்' என்று பெயர். சந்தையின் போக்கினால் நாணய மதிப்புத் தானாக இறங்கும்போது 'டிப்ரீஷியேஷன்' என்பர். ரூபாயின் மாற்று மதிப்பைச் சந்தையே முடிவு செய்யும் முறை 1993-இல் வந்துவிட்டபடியால், இன்றைய செய்திகளில் பின்னைய சொல்லையே மிகுதியாகக் காண்கிறோம். அச்சொல்லே ஆலைக் கணக்கில் வந்தால் இயந்திரத்தின் தேய்மானத்தைக் குறிக்கும். இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

'பட்ஜெட்' என்னும் சொல்லின் பிறப்பு சுவையானது. சிறு தோற்பையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் நிதியமைச்சர் பையைத் திறந்தார் என்றால் வரவு செலவுக் கணக்கை வெளியிட்டார் என்று பொருளாயிற்று. நாளடைவில் பையின் பெயர் கணக்குக்கே நிலைத்துவிட்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-இல் வழங்கியவர் கோவையைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். பெட்டியோடு அவைக்கு வரும் வழக்கம் நம் நாட்டிலும் நெடுங்காலம் இருந்தது. 2019-இல் நிர்மலா சீதாராமன் அதனை விடுத்துச் சிவப்புத் துணியில் சுற்றிய கட்டோடு வந்தார். தோற்பை போயிற்று, பெயர் மட்டும் நின்றது.

பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களையே நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. விலை சிறிதே ஏறினால் 'எட்ஜ் அப்' என்பர்; வெகுவாக ஏறினால் 'சோர்' என்பர். சிறிது இறங்கினால் 'டிப்'. சரிந்து விழுந்தால் 'பிளஞ்ச்'. 'குரோத் ஸ்லோஸ்' என்றால் வளர்ச்சி மெதுவாயிற்று என்று பொருள். உற்பத்தி சுருங்கிவிட்டால்தான் 'கான்ட்ராக்ட்ஸ்' என்பர். 'கான்ட்ராக்ட்' என்றதும் ஒப்பந்தக்காரரை நினைப்பவர் நம்மில் பலர்! ஒரு குறிப்பேட்டில் இவ்வினைகளைத் தனிச் சொற்களாக எழுதாமல், வந்த வாக்கியத்தோடும், அதிலுள்ள எண்ணோடும் சேர்த்து எழுதி வைப்பது நலம். எண் அருகே இருந்தால் சொல்லின் அளவு தானே விளங்கும்.

எண் என்றதும் ஒன்று கூற வேண்டும். மில்லியன் என்பது பத்து இலட்சம். பில்லியன் நூறு கோடி. டிரில்லியன் ஓர் இலட்சம் கோடி. இது இன்றைய வழக்கு. பிரிட்டனிலோ 1974 வரை அரசு வழக்கில் பில்லியன் என்பது மில்லியன் மில்லியனை, அதாவது ஓர் இலட்சம் கோடியைக் குறித்தது. நூலகத்தில் அக்காலத்து ஆங்கிலப் பொருளாதார நூல்களை எடுத்துப் படிப்பவர்கள், பில்லியன் என்று கண்டவுடன் நூல் வெளிவந்த ஆண்டையும் நாட்டையும் பார்த்துக்கொண்ட பிறகே கணக்கிடத் தொடங்குக.