கீமோவுக்குப் பின் வரும் மூச்சிறைப்பு வெறும் களைப்பல்ல

இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். எமது மாத்தளை மாவட்டத்திலிருந்தும் சிகிச்சைக்காகக் கண்டிக்கும் மஹரகமவுக்கும் போய்வரும் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி இரண்டு பேச்சுகள் அடிபடுவதுண்டு. ஒன்று, "கீமோ ஏற்றினால் இருதயம் கெட்டுவிடும், வேண்டாம்." மற்றது, சிகிச்சைக்குப் பின் மூச்சிறைத்தால், "மருந்துக் களைப்பு, போகப்போகச் சரியாகும்." இரண்டுமே ஆபத்தானவை.

எல்லாக் கீமோ மருந்துகளும் இருதயத்தை ஒரே அளவில் பாதிப்பதில்லை. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, சிவப்பு நிறத்தில் ஏற்றப்படும் டொக்ஸோரூபிசின். இது புற்றுநோய்க் கலங்களோடு இருதயத் தசைக் கலங்களையும் தாக்கக்கூடியது. பாதிப்பு, வாழ்நாளில் ஏற்றப்பட்ட மொத்த அளவைப் பொறுத்தது. உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு 400 மில்லிகிராமை எட்டும்போது நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு இருதயம் பலவீனமடைகிறது. 550 மில்லிகிராமில் அது ஏறத்தாழ 26 பேர். மார்பகப் புற்றுநோய்க்கு வழமையாக நான்கு தடவைகளில் ஏற்றப்படுவதோ 240 மில்லிகிராம்தான். பயந்து கீமோவைக் கைவிடுவது, சிறிய ஆபத்துக்கு அஞ்சிப் பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்வதாகும்.

ஹேர்-2 வகைப் புற்றுநோய்க்கு வழமையாக ஓராண்டு வரை ஏற்றப்படும் ட்ரஸ்டுசுமாப் மருந்தும் இருதயத்தின் பலத்தைக் குறைக்கலாம். நேரத்தோடு கண்டறிந்து மருந்தை இடைநிறுத்தினால் பெரும்பாலும் அது மீண்டுவிடும். இதற்காகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பரிசோதனை செய்யப்படுகிறது. அதில் வலியோ கதிர்வீச்சோ இல்லை. பஸ் பயணம் கஷ்டம் என்றோ வெட்கத்தாலோ அதைத் தவறவிடாதீர்கள். பெண் ஒருவர் உடனிருக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள்.

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஏற்கனவே இருதய நோய் உள்ளவர்களும், வயதானவர்களும், இடது மார்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும்.

படியேறும்போது மூச்சிறைத்தல், தட்டையாகப் படுக்க முடியாமை, இரவில் மூச்சுத் திணறி எழும்புதல், கால் வீக்கம், நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தோன்றினால் தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள். சிகிச்சை முடிந்து பல வருடங்களுக்குப் பின்னரும் இவை வரலாம். எனவே கிளினிக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள். மாத்தளை வைத்தியசாலைக்கோ ஊர் டொக்டரிடமோ எதற்காகச் சென்றாலும், "நான் கீமோ ஏற்றியவள்" என்று முதலில் சொல்லுங்கள். இருதயப் பலவீனத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் அதற்கு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன.

ரமழானில் நோன்புக்காக அந்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவது கூடாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. வைத்தியரிடமும் உலமாக்களிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

எமது பெண்கள் வீட்டு வேலை தடைப்படும் என்று தம் நோவை மறைப்பவர்கள். ஆகவே கணவன்மாரும் பிள்ளைகளும்தான் கேட்க வேண்டும்: "உம்மா, படியேறும்போது மூச்சு வாங்குதா?" உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவதில் வீட்டார் அனைவருக்கும் பங்குண்டு.