ஸ்பீக்கருக்குப் பெட்டி எதற்கு?

பண்பொழிப் பக்கம் கோயில் கொடை என்றால் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். பேச்சு வயல் தாண்டியும் தெளிவாகக் கேட்கும். தவிலின் அடித்தொனி மட்டும் வராது. ஏன்? 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். குழாயின் வாய் அதற்குப் போதாது.

பெட்டியில்லாத ஸ்பீக்கரிலும் அடித்தொனி வராது; காரணம் மட்டும் வேறு. வீட்டில் ஸ்பீக்கர் செய்ய ஆசைப்படுபவர்கள் ஒன்று செய்து பாருங்கள். வெறும் ஸ்பீக்கரை மேசைமேல் வைத்துப் பாட்டுப் போடுங்கள், சப்பென்றிருக்கும். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. இரண்டு அலைகளும் ஓரம் சுற்றிச் சந்தித்து, தாழ்ந்த ஒலிகளை அழித்துவிடுகின்றன. பெட்டி அந்தப் பின்பக்க அலையைச் சிறைப்பிடிக்கிறது. எத்தனை எளிய, அழகான தீர்வு!

பெட்டி மிகச் சிறிதானால் உள்ளிருக்கும் காற்று விறைத்த ஸ்பிரிங்காகி பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கும். சரியான கொள்ளளவைக் கணக்கிட நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் பெயரிலான அளவுகள் உதவும். நல்ல ஸ்பீக்கர்களுக்குத் தயாரிப்பாளரே அவற்றைத் தருவார். முதல் முயற்சிக்கு மூடிய பெட்டியே நல்லது. துளையுள்ள பெட்டியில் கணக்கு பிசகினால் பேஸ் குழம்பும்.

ஆனி, ஆடிச் சாரலில் எம்டிஎஃப் பலகை ஈரம் குடித்து உப்பும். நம் ஊருக்கு 18 மி.மீ. பிளைவுட்டே வாங்குங்கள்; இணைப்புகளில் காற்று கசியாமல் பசை பூசுங்கள்.