பல இணையச் சந்தைகளில் ஒரே விலை
மஞ்சள் தூள் விற்கும் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

ஈரோடு ஜில்லாவில் மஞ்சள் பயிரிடும் குடியானவர்களுக்கு, ஒரே நாளில் பல விலைகளைக் காண்பது புதிய விஷயமன்று. ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும், ஈரோடு, கோபிசெட்டிபாளையம் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களிலும் விரலியும் கிழங்கும் தனித்தனியே ஏலம் போகின்றன. ஓரிடத்து விலை மற்றோரிடத்து விலையினின்று வேறுபடுவதுண்டு. அங்கே விலை கேட்பவர் வியாபாரி; அவர் ஒவ்வொரு குவியலின் தரத்தையும் ஈரத்தையும் பார்த்துக் கேட்கிறார். ஆகையால் அவ்வேற்றுமை எவர்மீதும் குற்றமாகாது.

அதே மஞ்சளைத் தூளாக்கிப் பொட்டலம் கட்டி இணையச் சந்தைகளில் விற்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே விலை வைப்பவர் குடியானவரே. பொட்டலமும் எங்கும் ஒன்றே. ஆதலால் விலை வேறுபட்டால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியவரும் அவரே.

வேற்றுமையால் விளையும் கேடு

வாங்குபவர் இரண்டு சந்தைகளையும் கைப்பேசியில் ஒரு நிமிஷத்தில் ஒப்பிட்டுவிடுகிறார். ஒன்றில் 350 ரூபாயும் மற்றொன்றில் 300 ரூபாயும் இருக்கக் கண்டால், அதிக விலை கொடுத்தவர் தாம் ஏமாந்ததாக நினைக்கிறார். குறைந்த விலையைக் கண்டவரோ கலப்படமோ என்று ஐயுறுகிறார். மஞ்சள் தூளில் மாவும் சாயமும் கலக்கும் வழக்கம் உலகறிந்ததாகையால், இவ்வையம் எளிதில் நீங்குவதில்லை. மேலும், வேறிடத்தில் மலிவாகக் கிடைக்கும் சரக்கைச் சில சந்தைகள் முன்வரிசையில் காட்டாமல் பின்னே தள்ளிவிடுகின்றன.

விலை நிர்ணயிக்கும் கணக்கு

வேற்றுமை பெரும்பாலும் கணக்குப் பிழையால் நேர்கிறது. சொந்த நிலத்து மஞ்சள்தானே என்று அதைச் செலவில் சேர்க்காமல் விடுவது முதற் பிழை. விற்பனைக் கூடத்தில் அன்று கிடைக்கக்கூடிய விலையையே அதன் அடக்கமாக வைத்து, அரைவைக் கூலி, அரைக்கையில் குறையும் எடை, நியாயமான லாபம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும்.

தரகைக் கணக்கிடுவதில் நேர்வது இரண்டாம் பிழை. உதாரணமாக, ஒரு கிலோ தூளுக்கு லாபம் உட்பட 240 ரூபாயும், பொட்டலம் கட்ட 10 ரூபாயும், அனுப்புங் கூலி 30 ரூபாயும் ஆவதாகக் கொள்வோம். மொத்தம் 280 ரூபாய். ஒரு சந்தையில் தரகும் அதன்மேல் வரியும் சேர்ந்து நூற்றுக்கு 20 என்றால், 280-க்கு 20 விழுக்காடு கூட்டி 336 என்று பலர் விலை வைக்கிறார்கள். ஆனால் சந்தை தரகு பிடிப்பது விற்ற விலையின் மேல். 336-ல் 67 ரூபாய் 20 காசு போக, கையில் நிற்பது 268 ரூபாய் 80 காசே. பொட்டலமொன்றுக்கு 11 ரூபாய் 20 காசு நஷ்டம். 280-ஐ 80-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வரும் 350 ரூபாயே சரியான விலை.

தரகு நூற்றுக்கு 12½ உள்ள மற்றொரு சந்தைக்கு இதே கணக்கில் 320 ரூபாய் போதும். எனினும் இரண்டிலும் 320 வைத்தால், முதற் சந்தையில் தரகு 64 ரூபாயும் செலவு 40 ரூபாயும் போக 216 ரூபாயே மிஞ்சி, 24 ரூபாய் குறைகிறது. இரண்டிலும் 350 வைப்பதே தகும். தரகு குறைந்த சந்தையில் மிகும் பணத்தைத் தனியே சேர்த்து வைத்தால், திரும்பி வரும் பொட்டலங்களின் செலவுக்கு அது உதவும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

(1) தரகு அதிகமுள்ள சந்தையைக் கொண்டே பொது விலையை நிச்சயிக்க வேண்டும்.

(2) பொட்டலத்தின் அளவுக்கேற்ப விலை வேறுபடலாம். விற்கும் இடத்துக்கேற்ப வேறுபடலாகாது. வீட்டு வாசலில் வாங்குபவருக்கு அனுப்புங் கூலி 30 ரூபாயை மட்டும் கழிக்கலாம். அக்காரணம் எவருக்கும் விளங்கும்.

(3) பண்டிகைக் காலத் தள்ளுபடிக்குச் சம்மதிக்குமுன், அத்தொகையைச் சந்தை ஏற்கிறதா, விற்பவர் ஏற்க வேண்டுமா என்று கேட்டறிதல் அவசியம். விற்பவர் ஏற்பதாயின், எல்லாச் சந்தைகளிலும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிக்க வேண்டும்.

(4) மொத்தமாக வாங்கும் வியாபாரிக்குச் சொந்தப் பெயரிட்ட பொட்டலங்களைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால், அவர் அவற்றையே இணையத்தில் மலிவாக விற்கக்கூடும். அவருக்கு மூட்டையாகக் கொடுப்பது நலம்.

(5) விலை மாறும்போதெல்லாம் தேதி, பழைய விலை, புது விலை, ஒவ்வொரு சந்தையிலும் மாற்றிய விவரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். ஒரு சந்தையில் மாற்றி மற்றொன்றில் மறந்துவிடுவதே அடிக்கடி நிகழும் தவறு.

சட்டத்தின் எல்லை

பொட்டலப் பொருள்களுக்கான 2011 ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, சகல வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும். அதற்கு மேல் விற்பது குற்றம். தரகு உயர்ந்துவிட்டது என்னும் சமாதானம் செல்லாது. ஆகையால் அச்சிடுமுன் கணக்கை முடித்துக்கொள்வது உசிதம்.

கிராம உத்தியோகஸ்தர்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தாரும், ஒரே ஊரில் தூள் விற்கும் குடும்பங்களை அறுவடைக்குப்பின் ஒருமுறை கூட்டி, இக்கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுவார்களாயின் பெரிதும் பயன் விளையும். அயலார் இருவர் போட்டியிட்டு விலையைக் குறைத்தால் இருவருக்குமே நஷ்டம்; அடக்கத்துக்குக் கீழே விற்ற பொட்டலம் எத்தனை விற்றாலும் கடனையே வளர்க்கும். கணக்கறிந்து வைத்த விலை எங்கும் ஒன்றாக நிற்குமானால், ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் நம்பிக் கேட்பார்.