ஆடு, மாடு காப்பீடு: அறுக்கும் முன் மருத்துவர்



சென்ற மழைக்காலத்தில் ஒரு சகோதரி நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு அழுதபடி வந்தார். கணவரை இழந்தவர். தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் நெசவு நின்றுவிடும், அந்த மாதங்களைத் தள்ளுவதற்காக நம்மிடம் கர்ழே ஹஸனா பெற்று ஆடு வாங்கியவர். ஆடுகளுக்குக் காப்பீடும் இருந்தது. ஆட்டுக்கொல்லி நோய் வந்து மூன்று ஆடுகள் ஒரே இரவில் தலை தொங்கிவிட்டன. தானாகச் செத்தால் ஹராமாகிவிடுமே என்ற பதற்றத்தில் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, பிஸ்மி சொல்லி அறுக்கச் செய்துவிட்டார். நோய் கண்ட ஆட்டின் கறியை யாரும் வாங்கவில்லை, புதைத்தார்கள். மறுநாள் காது வில்லைகளைக் கையில் எடுத்துக்கொண்டு போனவரிடம், அறுத்த ஆட்டுக்குப் பணம் இல்லை என்று காப்பீட்டு நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். கடன் மட்டும் மிஞ்சியது.

பாலிசியை வாங்கிப் படித்துப் பார்த்தோம். அவர்கள் சொன்னது நிபந்தனைப்படி சரிதான். தவறு எங்களுடையது. கடன் கொடுத்தோம், காப்பீடு செய்யச் சொன்னோம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மூன்று ஆடுகளுக்குரிய கடனை நிர்வாகக் குழு தள்ளுபடி செய்தது. ஆனாலும் ஆரணியிலும் திருமலை வரையுள்ள சுற்றுக் கிராமங்களிலும் ஆடு மாடு வைத்திருக்கும் நம் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறோம்.

கால்நடைக் காப்பீடு நோயாலும் விபத்தாலும் ஏற்படும் இறப்புக்கானது. தீ, வெள்ளம், பாம்புக்கடி போன்றவையும் இதில் அடங்கும். வேண்டுமென்றே அறுப்பது அடங்காது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: இனிப் பிழைக்காது, வேதனையை முடிப்பதே நல்லது என்று தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அந்த அறுப்பு ஏற்கப்படும். ஆகவே ஆடு சாய்ந்துவிட்டால் கத்தியைத் தேடும் முன் மருத்துவரைத் தேடுங்கள். அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். மருத்துவர் வருவதற்குள் செத்துவிட்டால்? சாகட்டும். அதை உண்ணக் கூடாது, அவ்வளவுதான். பிரேதப் பரிசோதனைச் சான்று கிடைத்தால் ஆட்டின் விலை வர வழி இருக்கிறது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் உண்டு. திடீரென்று விழுந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் இரத்தம் கசியும் ஆடு மாட்டை யாரும் அறுக்கவோ, தோலுரிக்கவோ கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும், கொல்லும்.

இனிக் காது வில்லை. எந்த ஆட்டுக்குக் காப்பீடு என்பதற்கு அதுதான் அடையாளம். வில்லை இல்லையென்றால் பணம் இல்லை. வேலியில் மாட்டி அறுந்து விழுவது சகஜம். விழுந்த அன்றே மருந்தகத்திலும் நிறுவனத்திலும் தெரிவித்து, வேறு வில்லை போட்டு, புதிய எண்ணைப் பாலிசியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆடு இறந்தால் வில்லையை நீங்களாகக் கழற்றாதீர்கள். காதோடு இருக்கும் நிலையில் படம் எடுத்து வையுங்கள்.

தகுதியில்லாதவர் செய்த வைத்தியத்தால் இறந்தாலும் நிறுவனம் மறுக்கலாம். ஊசி போடத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அவசரத்துக்கு அவர்தான் வருகிறார் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் சான்றில் கையெழுத்துப் போட அவரால் முடியாது. திருட்டுக்கும் பொதுவாகப் பணம் வராது. பாலிசி தொடங்கிய முதல் 15 நாட்களில் நோயால் இறந்தாலும் வழக்கமாகக் கிடைக்காது. தடுப்பூசி போடாத ஆட்டுக்குச் சில நோய்களில் மறுப்பார்கள். ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி ஒருமுறை போட்டால் சுமார் 3 ஆண்டுகள் தாங்கும். அந்தச் சகோதரியின் ஆடுகளுக்கு அது போடப்பட்டிருக்கவில்லை.

செலவு எவ்வளவு? தேசிய கால்நடை இயக்கத்தின் விதிகள் 2024-இல் மாற்றப்பட்டு, பயனாளி செலுத்தும் பங்கு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மீதியை மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்ற கணக்கில் ஏற்கின்றன. ஓர் ஆட்டுக்குப் பிரீமியம் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நம் கையிலிருந்து போவது 60 ரூபாய். ஒரு குடும்பம் 100 ஆடுகள் வரை சேர்க்கலாம். ஒதுக்கீடு வரும்போது மட்டுமே சேர்ப்பார்கள் என்பதால் மருந்தகத்தில் அவ்வப்போது விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். பக்ரீதுக்கென்று இரண்டு மூன்று மாதம் வளர்க்கும் குர்பானி ஆட்டுக்கு இது தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

இன்சூரன்ஸ் கூடுமா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிக நிறுவனங்களின் காப்பீட்டு ஒப்பந்தத்தில் கரர், அதாவது நிச்சயமின்மை, மிகுந்திருப்பதால் அது கூடாது என்றும், நன்கொடை அடிப்படையில் ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் முடிவு செய்தது. அந்த வகைக்குத்தான் தகாஃபுல் என்று பெயர். மலேசியாவில் 1984-லேயே அதற்குச் சட்டம் வந்தது. இலங்கையில் 1999 முதல் தகாஃபுல் நிறுவனம் இருக்கிறது. இந்தியாவில் இல்லை. அப்படியிருக்க, பெரும்பகுதியை அரசே செலுத்தும் இத்திட்டத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் நம் நாட்டு ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஃபத்வா சொல்வது எங்கள் வேலையல்ல. உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் பாலிசித் தாளையே காட்டிக் கேளுங்கள், வாய்ச் செய்தியாகக் கேட்காதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன திர்மிதீ ஹதீஸை இன்சூரன்ஸுக்கு ஆதாரமாகச் சிலர் காட்டுகிறார்கள். எங்கள் அறிவுக்கு எட்டியவரை, தடுப்பூசிக்கு அது பொருந்துகிற அளவுக்கு இதற்குப் பொருந்தவில்லை.

மனம் ஒப்பாதவர்களுக்காக, கடன் பெற்ற குடும்பங்கள் மாதம் ஒரு சிறு தொகையை நன்கொடையாகப் போட்டு, ஆடு இழந்தவரின் கடனை அதிலிருந்து அடைக்கும் பொது நிதி ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். இதன் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறோம். அங்கொன்று இங்கொன்றாக ஆடு செத்தால் நிதி தாங்கும். நோய் பரவினால் ஒரே வாரத்தில் எல்லார் வீட்டிலும் சாகும், அப்போது நிதி காலியாகிவிடும். பல மாவட்டங்களில் பணம் சேர்க்கும் பெரிய நிறுவனத்துக்குள்ள வலு ஒரு தெருவின் நிதிக்கு வராது. அதனால் நிதியில் சேருகிறவர்களின் ஆடுகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

இனிக் கடன் கேட்டு வருபவர்கள் வில்லை எண்ணும் தடுப்பூசி போட்ட தேதியும் எழுதிக்கொண்டு வரவும். பாலிசி எடுத்திருந்தால் அதன் நகலையும் கொண்டுவாருங்கள், உடனிருந்து வரிவரியாகப் படித்துச் சொல்கிறோம். அலுவலகம் தினமும் அஸருக்குப் பின் மஃரிப் வரை திறந்திருக்கும்.