தட்டு மாறினால் மருத்துவருக்குச் சொல்லுங்கள்

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை, வழக்கமான பரிசோதனைக்காகப் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்த தாயார் ஒருவர், எழுந்து செல்லும் முன் சற்றுத் தயங்கி நின்றார். "டாக்டர், என் மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். இரண்டு நாளாக வாந்தி. பச்சை மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்று கைப்பேசியை நீட்டினார்.

மகனுக்கு வயது 42. ஐந்து ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். குரல் தளர்ந்திருந்தது, பேச்சினிடையே மூச்சு வாங்கியது. சர்க்கரை அளவைக் கேட்டேன். "168தான் டாக்டர். அதனால்தான் பயப்படவில்லை" என்றார். மேலும் விசாரித்தபோது, மூன்று வாரங்களாக அவர் சோற்றைத் தொடவில்லை என்பது தெரியவந்தது. உடன் பணிபுரியும் நண்பரைப் பார்த்துக் கீட்டோ உணவைத் தொடங்கியிருந்தார். எடையும் குறைந்திருந்தது. ஆனால், இங்கிருந்தபோது எழுதித் தரப்பட்ட டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரையை நாள் தவறாமல் உட்கொண்டு வந்தார்.

"உடனே 119 என்ற எண்ணை அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்" என்றேன். அங்கே அவரது இரத்தத்தில் கீட்டோன் அளவு ஆபத்தான நிலைக்கு உயர்ந்திருப்பது கண்டறியப்பட்டது. நான்கு நாள் சிகிச்சைக்குப் பின் நலமாக வீடு திரும்பினார்.

அவர் மாத்திரையைத் தவறவிட்டவர் அல்லர். உணவில் கட்டுப்பாடு இல்லாதவரும் அல்லர். மாத்திரை இங்கிருந்து வந்தது. உணவு அங்கே மாறியது. இரண்டையும் ஒருசேரப் பார்த்தவர் எவரும் இல்லை. அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் பலரின் நிலை இதுவே என்பதால் இதை எழுதுகிறேன்.

கீட்டோ உணவு எங்கிருந்து வந்தது?

இது எடை குறைப்பதற்காகத் தோன்றிய உணவுமுறை அன்று. 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர், வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக இதனை முன்மொழிந்தார். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவக் கண்காணிப்பில் இது அளிக்கப்படுகிறது.

இன்று எடை குறைக்க விரும்புவோர் பின்பற்றும் கீட்டோ முறையில், நாளொன்றுக்கு மாவுச்சத்து சுமார் 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்தப்படுகிறது. 100 கிராம் ஜப்பானிய வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 37 கிராம் மாவுச்சத்து உண்டு. ஜப்பானில் உணவுடன் பரிமாறப்படும் ஒரு கிண்ணம் சோறு சுமார் 150 கிராம் இருக்கும். அதில் 55 கிராம் வரை மாவுச்சத்து வந்துவிடும். அந்த ஒரு கிண்ணமே நாள் முழுவதற்குமான அளவைக் கடந்துவிடுகிறது.

மாவுச்சத்து இவ்வளவு குறையும்போது, கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் மாற்று எரிபொருளை உண்டாக்குகிறது. உடலில் போதிய இன்சுலின் இருந்தால் அது ஓர் எல்லைக்குள் நிற்கும். இம்முறையால் சில மாதங்களில் எடையும் சர்க்கரையும் குறைவது உண்மை. நெடுங்காலத்திற்கு மற்ற நல்ல உணவுமுறைகளைவிட இது மேலானது என்பது மட்டும் நிறுவப்படவில்லை.

ஜப்பானியத் தட்டில் அன்றாட உணவு

கீட்டோ உணவுக்கு ஏற்ற பொருள்கள் ஜப்பானில் எளிதில் கிடைக்கின்றன. அவித்த முட்டை, உப்பிட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி மீன், வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, டோஃபு, கீரை, முட்டைக்கோஸ், காளான் ஆகியவற்றைக் கொண்டு மூன்று வேளைக்கும் சமைத்துவிடலாம்.

சேமியாவுக்கும் நூடுல்ஸுக்கும் மாற்றாகப் பலர் விரும்புவது ஷிராதாகி. கண்ணாடி போன்ற இந்த இழைகள் கொன்யாக்கு என்ற கிழங்கின் மாவிலிருந்து செய்யப்படுகின்றன. அந்தக் கிழங்கு நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவு. இழைகளில் பெரும்பகுதி நீரும், செரிமானமாகாத நார்ச்சத்துமே. நன்கு கழுவி, வெறும் வாணலியில் சற்று வதக்கி ஈரம் போக்கிய பின், கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்து முட்டை சேர்த்தால் நம் நாவுக்கும் பிடிக்கும். இழைகளைச் சிறிதாக வெட்டி, நன்கு மென்று உண்ண வேண்டும். கொன்யாக்கு எளிதில் கரையாது. அதில் செய்த கெட்டியான ஜெல்லி தொண்டையில் அடைத்து ஜப்பானில் குழந்தைகளும் முதியோரும் உயிரிழந்த நிகழ்வுகள் உண்டு. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நன்று.

கண்ணுக்குத் தெரியாத சர்க்கரையையும் அறிந்திருக்க வேண்டும். சுஷி சோற்றில் சர்க்கரை கலந்த புளிக்காடி சேர்க்கப்படுகிறது. தெரியாக்கி குழம்பிலும், மிரின் எனப்படும் சமையல் மதுவிலும் இனிப்பு உண்டு. ஜப்பானியக் கறிக்குழம்பு கோதுமை மாவால் கெட்டியாக்கப்படுகிறது. பொட்டலத்தில் உள்ள சத்து விவரப் பட்டியலைக் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி மூலம் படித்துப் பாருங்கள். கொடுக்கப்பட்டுள்ள அளவு 100 கிராமுக்கானதா, முழுப் பொட்டலத்திற்கானதா என்பதையும் கவனியுங்கள்.

புதிய உணவும் பழைய நோயும்

இரண்டு உணவுகளைக் குறித்துத் தனியே எச்சரிக்க வேண்டும்.

முதலாவது நாட்டோ. இது நொதிக்கவைத்த சோயா. நூல் நூலாக இழுபடும், வாடை மிகுந்தது. புரதம் நிறைந்த நல்ல உணவுதான். ஆனால் இதில் வைட்டமின் கே மிக அதிகம். செயற்கை இதய வால்வு பொருத்திக்கொண்டு வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை உட்கொள்வோர் இதனை உண்டால் மருந்தின் பயன் குன்றும். வால்வில் இரத்தம் உறையும் அபாயம் எழும். அதன் விளைவு சில நாட்கள் நீடிக்கும். வார்ஃபரின் உட்கொள்ளும் நோயாளிகளை நாட்டோ உண்ண வேண்டாம் என்றே ஜப்பானிய மருத்துவர்களும் அறிவுறுத்துகிறார்கள்.

இரண்டாவது, கொம்பு என்ற கடற்பாசி. ஜப்பானிய ரசங்களுக்கு அடிப்படையான சாறு பெரும்பாலும் இதைக் கொதிக்கவைத்தே எடுக்கப்படுகிறது. வயதுவந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். உலர்ந்த கொம்பு ஒரு கிராமில் 2,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் இதை அன்றாட உணவாக்கிக்கொள்ளும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மாத்திரையும் கீட்டோவும் மோதும் இடம்

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் நன்மை செய்யும் சிறந்த மருந்துகள் இவை. ஆனால் மாவுச்சத்தை அடியோடு குறைத்துக்கொண்டு இவற்றையும் உட்கொண்டால், உடலில் இன்சுலின் குறைந்து, கீட்டோன் அளவுமீறிப் பெருகி, இரத்தம் அமிலமாகலாம். கீட்டோஅசிடோசிஸ் எனப்படும் இந்நிலை உயிருக்கு ஆபத்தானது. சர்க்கரை சிறுநீரில் வெளியேறிக்கொண்டே இருப்பதால், விரல்நுனிச் சோதனையில் அளவு இயல்பை ஒட்டியே தெரியலாம். நம் நோயாளியை ஏமாற்றியதும் அந்த 168தான். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இது குறித்து 2015இலேயே எச்சரித்தது.

குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மிகுந்த சோர்வு, மூச்சுவாங்குதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இந்த மாத்திரை உட்கொள்பவருக்கு இவை தோன்றினால், சர்க்கரை எவ்வளவு என்று பாராமல் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். இரத்தக் கீட்டோன் 3 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. காய்ச்சல், வாந்தி, உண்ண இயலாமை உள்ள நாட்களில் இம்மாத்திரையை நிறுத்திவைப்பது எப்படி என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் அதைத் தாமாக அடியோடு நிறுத்தவே கூடாது.

இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிக்லசைடு பயன்படுத்துவோருக்கு வேறோர் ஆபத்து உண்டு. பழைய அளவு மருந்துடன் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்துவிடும். நடுக்கமும் வியர்வையும் கண்டால், கீட்டோ கெட்டுவிடுமே என்று தயங்காமல் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்து அருந்த வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோருக்கு, முதல் சில வாரங்களில் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம். இவ்விரு மருந்துகளின் அளவையும் கீட்டோ தொடங்கும் நாளுக்கு முன்பே மருத்துவர் மாற்றியமைக்க வேண்டும்.

முதல் வகை நீரிழிவு, சிறுநீரக நோய், கணைய அழற்சி உள்ளவர்களும், கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்களும் தாமாகக் கீட்டோ உணவைத் தொடங்கலாகாது.

இங்கிருக்கும் பெற்றோருக்கு

தொலைபேசியில் "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்காத தாய் நம்மிடையே இல்லை. அதனுடன் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "என்ன மாத்திரை போடுகிறாய்? நீ சாப்பிடுவது உன் டாக்டருக்குத் தெரியுமா?" மருந்துகளின் வேதிப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சீட்டு பிள்ளையின் பணப்பையில் இருக்கட்டும். வணிகப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும்; வேதிப்பெயரைக் கொண்டு எந்த நாட்டு மருத்துவரும் மருந்தை அறிந்துகொள்வார்.

அந்த மகனுக்கு இப்போது வேறு மாத்திரை. அங்குள்ள மருத்துவர் ஒருவரே உணவையும் மருந்தையும் சேர்த்துக் கவனிக்கிறார். சுட்ட மீன், டோஃபு, கீரையுடன் அரைக் கிண்ணம் சோறும் உண்கிறார். எடை முன்னைவிட மெதுவாகக் குறைகிறதாம். சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்த தாயார், தம் மருந்துச் சீட்டை நீட்டும் முன்பே மகனின் மருந்துப் பட்டியலை என் மேசைமீது வைத்தார்.