பச்சைத் திரையில் தாய்லாந்து எழுத்து!

1981-ம் ஆண்டு அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி, மேஜை மீது வைக்கும் சிறிய கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

வாங்கப் போனவருக்கு ஒரு தலைவலி! திரையில் எழுத்தையும் படத்தையும் காட்டும் அட்டையில் இரண்டு ரகம். எதை வாங்குவது?

முதல் ரகம் எம்.டி.ஏ. வரிக்கு 80 எழுத்து வீதம் 25 வரி தெரியும். பச்சை நிறத்தில், அச்சடித்தது போல இருக்கும். ஆனால் படம் வராது. 256 எழுத்து வடிவங்களை அட்டையிலேயே பதித்து விட்டார்கள். அதற்கு மேல் ஒன்று கூடச் சேர்க்க முடியாது.

இரண்டாவது ரகம் சி.ஜி.ஏ. இதில் வண்ணப் படம் வரும். குறுக்கே 320 புள்ளி, நெடுக்கே 200 புள்ளி, 4 வண்ணம். எழுத்தோ மொத்தை மொத்தையாக இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. ஒரு திரை வினாடிக்குச் சுமார் 18 ஆயிரம் கோடு போடும். மற்றது சுமார் 16 ஆயிரம் கோடு. ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரி 9 ஊசிச் செருகி! மாற்றிச் செருகினால் திரை கெட்டுப் போகவும் கூடும். யார் செய்த யோசனையோ!

தாய்லாந்துக்காரரான வான் சுவன்னுகுல், டாக்டர் பட்ட ஆராய்ச்சியை இந்தக் கம்ப்யூட்டரில் தம் தாய்மொழி எழுத்தில் எழுத விரும்பினார். நாம் மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி வைக்கிறோம் அல்லவா? அவர்கள் எழுத்துக்கு மேலும் கீழும் குறிகள் வரும். சில சமயம் குறியின் தலையில் இன்னொரு குறி! எம்.டி.ஏ. அட்டையில் அந்த எழுத்துக்களே இல்லை. சி.ஜி.ஏ.வில் புள்ளிகள் போதவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. 1982-ல் தாமே ஓர் அட்டை செய்து விட்டார்! 'ஹெர்குலிஸ்' என்பது அதன் பெயர். விலை 499 டாலர். அதே பச்சைத் திரையில் குறுக்கே 720, நெடுக்கே 348 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக ஏற்றலாம், அணைக்கலாம். பிறகு எந்த மொழி எழுத்தைத்தான் வரைய முடியாது?

எம்.டி.ஏ.வுக்கு எழுதிய புரோகிராம்கள் அதில் பழையபடி ஓடின. படம் போடுவதில்தான் சிக்கல். சி.ஜி.ஏ.வுக்கு எழுதிய விளையாட்டுக்கள் ஓடவில்லை. புள்ளிகள் இருக்கும் இடமும், அவற்றை அழைக்கும் முறையும் வேறு. புரோகிராம் எழுதுகிறவர் ஹெர்குலிசுக்கென்று தனியாக எழுதினால்தான் உண்டு.

1983-ல் வந்த 'லோட்டஸ் 1-2-3' என்ற கணக்குப் புரோகிராம் அப்படி எழுதப்பட்டது. கணக்கும் தெளிவாகத் தெரிந்தது. அதே திரையில் வரைபடமும் வந்தது. அலுவலகங்களில் அட்டைக்குக் கிராக்கி ஏற்பட்டது. விளையாட்டுப் பிரியர்களுக்காக, சி.ஜி.ஏ. மாதிரி நடிக்கும் புரோகிராம்களும் வந்தன. வண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிக் கோலம் தெரியும்!

1987-ல் ஐ.பி.எம். புதிதாக வி.ஜி.ஏ. முறையைக் கொண்டு வந்தது. 640-க்கு 480 புள்ளி, 16 வண்ணம். தன் பழைய முறைகளுக்கும் அதில் இடம் கொடுத்தது. ஹெர்குலிஸ் படங்களுக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை.